இருபத்தொன்பது ஓட்டமும் ஒரு பேஸ்மேக்கரும்

சிக்ஸ்டனின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. துடிப்பு குறையக் குறைய இதயம் பலம் என்பது பனிச்சறுக்குக்காரர்களின் கணக்கு. இதை அவராக வந்து உங்களிடம் சொல்லமாட்டார். ஸ்வீடனில் எங்கள் டாலர்னா பக்கத்துக்காரர்கள் தற்பெருமை பேசுகிறவர்கள் அல்ல. நீங்கள் அவர் வீட்டில் காபி குடிக்க உட்கார்ந்தால், இரண்டாவது கோப்பைக்குள் பேச்சு எப்படியோ அவருடைய இதயத்துக்கு வந்து சேர்ந்துவிடும், அவ்வளவுதான். வானிலையில் ஆரம்பித்தாலும் வரும், மூஸ் மான் வேட்டையில் ஆரம்பித்தாலும் வரும். பக்கத்து வீட்டு ஹில்டிங்குக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அறுபது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைப்பார். பாவம் மனிதன், என்று ஒரு பெருமூச்சும் உண்டு.

மர ஆலையில் நாற்பது வருஷம் ரம்பங்களுக்குப் பல் தீட்டி ஓய்வு பெற்றவர் சிக்ஸ்டன். வயது அறுபத்தாறு. ஆலை அவருக்குச் சோறு போட்டதே தவிர, அவர் வாழ்ந்தது மார்ச் மாத முதல் ஞாயிறுகளில்தான். அன்றைக்குத்தான் ஓட்டம். எங்கள் பக்கத்தில் வெறுமே 'ஓட்டம்' என்றால் ஒன்றே ஒன்றுதான்: காட்டுக்கும் சதுப்புக்கும் குறுக்கே எண்பது கிலோமீட்டர் பனிச்சறுக்கு. விடியற்காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் இரண்டு ஒல்லிக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். வழியில் வெந்நீர் மாதிரி ஒரு புளூபெர்ரி கஞ்சி தருவார்கள். சாயங்காலம் மூக்கிலிருந்து பனிக்கட்டி தொங்க வந்து சேர்வார்கள். இதற்குப் பெயர் மகிழ்ச்சி.

முப்பது முறை ஓடி முடித்தவர்களுக்கு, ஓட்டம் முடிகிற நோரோசென் ஊரின் மண்டபச் சுவரில் பித்தளைத் தகட்டில் பெயர் பொறிப்பார்கள். ஹில்டிங்கின் தகடு நான்கு வருஷமாக அங்கே இருக்கிறது. மற்ற தகடுகளெல்லாம் மங்கிக் கிடக்க, அது மட்டும் பளபளவென்று இருக்கும். காரணம் யாருக்கும் தெரியாதாம். ஹில்டிங் மாதாமாதம் பித்தளை மெருகெண்ணெய் வாங்குவது கடைக்காரருக்குத் தெரியும். சிக்ஸ்டன் இருபத்தொன்பது முடித்திருந்தார்.

இருபத்தொன்பதாவதன்போதுதான் முதல் கோளாறு. மார்பில் கட்டியிருந்த துடிப்புமானிப் பட்டை, ஏற்றத்தில் திடீரென்று நூற்றெழுபத்தெட்டு என்று காட்டியது. இறக்கத்திலும் நூற்றெழுபத்தெட்டு. வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்த பிறகும் நூற்றறுபத்திரண்டு. மார்புக்குள் வாளியில் போட்ட மீன் மாதிரி ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. வேறொருவன் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். சிக்ஸ்டன் கூர்ந்து யோசித்து, பட்டையில்தான் குறை என்று முடிவு கட்டினார். அதற்கு பேட்டரி மாற்றினார். மறு மாதம் இன்னொரு பட்டை வாங்கினார். அதுவும் அதையே சொன்னதும், இப்போதெல்லாம் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்று உற்பத்தியாளருக்கு நாகரிகமான ஒரு கடிதம் எழுதினார்.

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. அந்த வருஷத்து ஓட்டத்துக்கு முந்தின வாரம் சளி பிடித்துவிட்டது என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். சளியெல்லாம் ஒன்றுமில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அதைச் சொல்வதைவிடச் சளி கௌரவமானது. அவர் மனைவி குன்வோர் அதிகம் பேசாதவர். மருத்துவ ஆலோசனை எண்ணை அழுத்தி, அந்தப் பக்கம் ஆள் பேச ஆரம்பித்ததும், போனைச் சிக்ஸ்டனின் காதில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

இதய மருத்துவர் ஷீரின், தெஹ்ரானில் பிறந்து எங்கள் குளிரில் வளர்ந்தவர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கின்றன என்று விளக்கினார். நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இன்றைக்கே மாத்திரை தொடங்கவேண்டும் என்றார். பிறகு திரையைக் காட்டி, "இடது மேலறை ரொம்பப் பெருசா இருக்கு" என்றார்.

"நன்றி" என்றார் சிக்ஸ்டன்.

அது பாராட்டு இல்லை என்று புரியவைக்க ஷீரினுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. முப்பது வருஷம் இதயத்தைப் போட்டு இழுத்தால் அது விரிந்துதான் போகும், நீண்ட தூரம் சறுக்குகிற ஆண்களிடம் இந்த நோயை நிறையவே பார்க்கிறோம் என்றார். சிக்ஸ்டனுக்கு அது புதுச் செய்தி. தடத்தில் கால் வைக்காமல் சோபாவில் கிடந்து வறுவல் தின்கிறவர்களுக்கு என்ன வரும் என்று கேட்டார். அவர்களுக்கு வேறு ஏதாவது வரும் என்றார் ஷீரின். அதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

மாத்திரைக்கு நடுக்கம் அடங்கவில்லை. அப்லேஷன் செய்தார்கள். தொடை மடிப்பில் ஒரு துளை போட்டு, ரத்தக் குழாய் வழியே இதயம் வரைக்கும் மெல்லிய கம்பியை ஏற்றி, நுரையீரலிலிருந்து வரும் நான்கு குழாய்களின் வாயைச் சுற்றிலும் சுட்டுவைப்பது. சுட்ட இடம் தழும்பாகும். கலவரம் கிளப்புகிற மின்சாரம் தழும்பைத் தாண்டி உள்ளே வராது. ஆலையில் வேலை பார்த்தவர் அல்லவா, கம்பி முனையில் எத்தனை டிகிரி சூடு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ரம்பத்துக்கு அது போதாது என்று அபிப்பிராயமும் சொன்னார்.

நடுக்கம் நின்றது. ஆனால் வீட்டுக்கு வந்து நாடி பிடித்துப் பார்த்தவருக்கு அழுகை வராத குறை. ஐம்பத்தொன்று. ஷீரினுக்குப் போன் செய்தார். அந்த இடத்தில் சுட்டால் துடிப்பு கொஞ்சம் ஏறுவது சகஜம், நல்லதுதான் என்றார் அவர். நல்லதாம். முப்பது வருஷத்து உழைப்பில் சேர்த்த முப்பத்தெட்டை இரண்டு மணி நேரத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டு நல்லதாம். அந்தக் கோடையில் யார் காபி குடிக்க வந்தாலும் சிக்ஸ்டன் வானிலையோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

எட்டு மாதத்தில் நடுக்கம் திரும்பி வந்தது. மறுபடி கம்பி, மறுபடி சூடு. அதற்கிடையில் இன்னொரு ஓட்டமும் அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. ஹில்டிங் முப்பத்தைந்தை முடித்தார். முடித்ததோடு சும்மா இருக்கவில்லை. இனிமேல் ஓடப்போவதில்லை, கஞ்சி ஊற்றப் போகிறேன் என்று பெருந்தன்மையோடு அறிவித்தார்.

ஒரு அக்டோபர் மாதம், கூட்டுறவுக் கடையில் தயிர் அலமாரிக்கு முன்னால் சிக்ஸ்டன் விழுந்தார். தேதி பார்க்கக் குனிந்தேன் என்றார். கண்ணாடிக் கதவில் நெற்றி பிளந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கருவியை மாட்டி இரண்டு நாள் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. நடுங்குகிற இதயம் நடுக்கத்தை நிறுத்தும்போது, உடனே துடிக்க ஆரம்பிக்காமல் ஆறு நொடி சும்மா இருந்தது. ஆறு நொடி என்பது ஒரு மனிதன் நின்ற இடத்தில் விழுவதற்குத் தாராளம். இடது காறை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் பேஸ்மேக்கர் வைத்து, இரண்டு கம்பிகளை இதயத்துக்குள் இறக்கினார்கள். துடிப்பு அறுபதுக்குக் கீழே போகாதபடி அது பார்த்துக்கொள்ளுமாம்.

"அறுபதா? அது ஹில்டிங் துடிப்பாச்சே" என்றார் சிக்ஸ்டன்.

இடது கையை ஆறு வாரத்துக்குத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது என்றார்கள். வலது கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றார். அதற்கப்புறம் சறுக்கப் போகலாமா என்று கேட்டார். தாராளமாகப் போகலாம் என்றார் ஷீரின். போட்டி வேண்டாம், சந்தோஷத்துக்குப் போங்கள், பேசிக்கொண்டே போகிற வேகத்தில் போங்கள். சிக்ஸ்டன் தலையாட்டினார். நாற்பது வருஷமாகத் தடத்தில் அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூட ஆள் இல்லாதவனுக்கு இந்த விதி பொருந்தாது என்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டார்.

டிசம்பரில் பனி விழுந்தது. உள்ளூர்க் கிளப்பில் தடம் போடும் வேலையைச் சிக்ஸ்டன் கேட்டு வாங்கிக்கொண்டார். பனி ஸ்கூட்டரில் உட்கார்ந்து பின்னால் ஒரு சட்டத்தை இழுத்துக்கொண்டு, சறுக்குக் கட்டைகள் ஓடப் பனியில் தடம் பதித்துக்கொண்டே போவது. கிழவர்கள் செய்கிற வேலை. குன்வோருக்கு அதில் மெத்த நிம்மதி. ஜனவரியில் பேஸ்மேக்கர் பரிசோதனைக்குப் போனபோது, கருவியைப் பார்க்கும் பெர்னில்லா திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் இரண்டு மணி நேரம் நூற்றிருபத்தைந்து துடிப்பு. எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்டாள். எங்கேயும் ஓடவில்லை, ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தேன் என்றார் சிக்ஸ்டன். அது சத்தியமான உண்மை. உடம்பு குலுங்குவதை வைத்து, ஆள் ஓடுகிறான் என்று பேஸ்மேக்கர் கணக்குப் போட்டுத் துடிப்பை ஏற்றுமாம். ஸ்கூட்டர் குலுக்கிய குலுக்கில், உட்கார்ந்திருந்த மனிதரை அது இரண்டு மணி நேரம் ஓடவைத்திருக்கிறது. குன்வோரே சிரித்துவிட்டார். பெர்னில்லா ஏதோ பொத்தான்களைத் தட்டிச் சரிசெய்து அனுப்பினாள்.

அப்பாவியாக இருந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் வழி தெரிந்தது. நூற்றிருபத்தைந்து என்று காட்டினால் ஸ்கூட்டர் என்று சொல்லலாம்! அடுத்த சனிக்கிழமையே, தடம் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பி, ஸ்கூட்டரைக் காட்டோரம் நிறுத்திவிட்டு, கட்டையை மாட்டிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் போனார். பொய் சொல்வது அவர் வழக்கமில்லை. உண்மையில் பாதியைச் சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்தில் பொய்யில் சேராது. சனிக்கிழமைகளில் மட்டும் தடம் கேவலமாக இருக்கிறது என்று கிளப்பில் புகார் வந்தது. சிக்ஸ்டன் அதைக் கவனிக்கிறேன் என்று சொன்னார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி கொடுத்த வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. பேஸ்மேக்கர் சொல்வதையெல்லாம் அது ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். பிப்ரவரி நடுவில் கூப்பிட்டார்கள். குன்வோரும் கூடப் போனார். பெர்னில்லா சனிக்கிழமைகளைக் காட்டினாள்.

"ஸ்கூட்டர்" என்றார் சிக்ஸ்டன்.

"ஸ்கூட்டரைத்தான் போன தடவையே அடக்கிட்டேனே. இப்ப அதுல நாள் பூரா உட்கார்ந்தாலும் எழுபத்தஞ்சைத் தாண்டாது. இது கருவி போட்ட துடிப்பு இல்ல. உங்க இதயமே போட்டது."

குன்வோர் கணவரைப் பார்க்காமல் பெர்னில்லாவிடம், "எத்தனை சனிக்கிழமை?" என்று கேட்டார். ஐந்து என்றாள் அவள். ஐந்திலும் மத்தியானத்துக்கு மேல் நடுக்கம் திரும்ப வந்திருந்தது. கடைசி முறை பதினோரு மணி நேரம்.

ஷீரின் வந்தார். ஓடினால் நடுக்கம் நிச்சயம் வரும் என்றார். நடுக்கத்தில் ரத்தம் சரியாகப் போகாமல் கண் இருட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற ஆள் காட்டுக்குள் இறக்கத்தில் தலைகுப்புற விழுந்தால், உள்ளே கசிகிற ரத்தத்தை யார் வந்து நிறுத்துவது? போகவே கூடாதா என்று சிக்ஸ்டன் கேட்டார். இந்த நாட்டில் யாரும் யாருக்கும் எதையும் கூடாது என்று சொல்வதில்லை. வேண்டாம் என்பது தன் ஆலோசனை என்றார் ஷீரின். ஆலோசனைக்கு நன்றி என்றார் சிக்ஸ்டன்.

வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டம். ஏரியைத் தாண்டியதும் குன்வோர் வாயைத் திறந்தார்.

"உன் பேரைப் பொறிக்கணும், அவ்வளவுதானே? கல்லறைக் கல்லுலயும் பொறிப்பாங்க. அதுக்கு எண்பது கிலோமீட்டர் போகவேண்டாம்" என்றார்.

சிக்ஸ்டன் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு குன்வோர். முப்பதாயிட்டா விட்டுடறேன்" என்றார்.

"கண்ணு இருட்டினா நின்னுடணும்."

"நின்னுடறேன்."

அதன் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் பேச்சு இல்லை. கோபம் வந்தால் மனிதர்கள் கத்துவார்கள் என்று நினைப்பவர்கள் டாலர்னாவில் குடித்தனம் செய்ததில்லை. இங்கே சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியை நகர்த்துகிற விதத்திலேயே எல்லாம் சொல்லியாகிவிடும்.

குன்வோருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வேலை உண்டு. வழியில் இருக்கும் கடைசிச் சாவடிக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் தலைவி. அங்கே சாயங்காலம் ஐந்தே காலுக்குத் தடத்தின் குறுக்கே கயிறு கட்டுவார்கள். அதற்குள் வந்தவர்கள் மேலே போகலாம். வராதவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவார்கள். மிச்சம் பதினோரு கிலோமீட்டர் அடர்ந்த காடு, சாலை கிடையாது, இருட்டிவிடும். கயிற்றை இழுப்பது குன்வோர். ஒரு நொடி முன்னே பின்னே போனதில்லை. ஒரு தடவை ஒன்பது மீட்டர் தூரத்தில் வந்துகொண்டிருந்த பாதிரியாருக்கு முன்னால் இழுத்துக் கட்டினார். இன்னொரு தடவை சொந்தத் தம்பிக்கு. தம்பி இரண்டு வருஷம் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. நானா கட்டினேன், மணி கட்டிற்று என்பார் குன்வோர். ஊரில் யாருக்காவது நேர்மைக்கு உதாரணம் வேண்டுமென்றால் பைபிளைத் தேடுவதில்லை, அந்தக் கயிற்றைச் சொல்வார்கள். அவருக்கு அதில் இருந்த பெருமை சிக்ஸ்டனின் முப்பத்தெட்டுக்குக் குறைந்ததில்லை. வாய்விட்டுச் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு குன்வோர் சாவடிக்குப் போனார். சிக்ஸ்டன் ஓட்டத்துக்குப் போனார்.

ஐம்பது கிலோமீட்டர் வரை எல்லாம் அழகாக நடந்தது. மெதுவாக, கிட்டத்தட்டப் பேசிக்கொண்டு போகிற வேகத்தில்தான் போனார். ஒரு ஏற்றத்தில் தனக்குத் தானே இரண்டு வார்த்தை பேசிப் பார்த்து, ஷீரினின் விதியைக் காப்பாற்றிவிட்டதாகத் திருப்தியும் பட்டுக்கொண்டார். ஐம்பத்தைந்தில் மார்புக்குள் அந்த மீன் துள்ள ஆரம்பித்தது. கால்கள் தன்னுடையவை இல்லை என்பதுபோல் கனத்தன. அறுபதில் தடம் இரண்டு நான்காகத் தெரிந்து, கண் இருட்டியது. கொடுத்த வாக்கு நினைவிருந்ததால் நின்றார். நான்கு நொடி நின்றார். வெளிச்சம் வந்ததும் கிளம்பினார். அறுபத்தாறில் மறுபடி இருட்டியது. மறுபடி நின்றார், மறுபடி கிளம்பினார். வாக்குத் தவறவில்லை.

கடைசிச் சாவடியின் குடிசை மரங்களுக்கு நடுவே தெரிந்தபோது, அவருக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. குடிசைச் சுவரில் சிவப்பு எழுத்தில் பெரிய கடிகாரம். ஐந்து பன்னிரண்டு. இன்னும் மூன்று நிமிடம், தூரம் எழுபது மீட்டர். தவழ்ந்துகூடப் போய்விடலாம். அதைத் தாண்டினால் பதினோரு கிலோமீட்டர், அப்புறம் முப்பது, அப்புறம் பித்தளை. சந்தோஷத்தில் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

கஞ்சிக் கொப்பரைக்குப் பின்னால் அகப்பையோடு ஹில்டிங் நின்றிருந்தார். கயிற்றுக் கம்பத்துக்குப் பக்கத்தில் குன்வோர். அவர் கணவரைப் பார்த்தார். சாம்பல் பூசின முகம், நீலமாகிப்போன உதடு, ஊன்றுகோலை ஊன்றிய இடத்தில் நிற்காமல் வழுக்குகிற கை. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி கணவரைப் பார்த்தார். கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் தடத்தின் குறுக்கே நடந்தார்.

ஹில்டிங் கடிகாரத்தைப் பார்த்தார், குன்வோரைப் பார்த்தார். பிறகு கொப்பரைக்குள் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி குனிந்து கிளறத் தொடங்கினார். தலையை நிமிர்த்தவேயில்லை.

சிக்ஸ்டன் வந்து கயிற்றில் முட்டி நின்றார். மூச்சு அடங்கப் பொறுத்திருந்து, "மணி என்ன, குன்வோர்?" என்றார்.

"அஞ்சே கால்" என்றார் குன்வோர்.

குன்வோரின் தலைக்கு நேர் மேலே ஐந்து பதின்மூன்று என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. சிக்ஸ்டன் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதைக் குன்வோரும் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கயிற்றை விலக்கியே ஆகவேண்டும். புகார் எழுதினால் குழுவே வந்து மன்னிப்புக் கேட்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நொடிகூடத் தவறாத மனுஷி, ஊர் முழுக்கத் தெரிந்த மனுஷி, அவர் முகத்துக்கு நேராக இரண்டு நிமிடத்தைத் திருடிவிட்டு, திருடியதை மறைக்கக்கூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். சிக்ஸ்டனுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் போன இடத்தில், இவள் இதற்கு என்னவெல்லாம் கொடுத்திருக்கிறாள் என்பது உறைத்தது.

குன்வோர் கயிற்றைக் கம்பத்து வளையத்தில் நுழைத்து முடிச்சுப் போடப் பார்த்தார். விழவில்லை. இரண்டாம் முறையும் நழுவிற்று.

சிக்ஸ்டன் குனிந்து கட்டைகளைக் கழற்றினார். கையுறையைப் பல்லால் இழுத்து எடுத்தார். பிறகு, கயிற்றின் அந்தப் பக்கத்திலிருந்தே கையை நீட்டி, மனைவியின் கையிலிருந்த நுனியை வாங்கி, இழுத்தாலும் அவிழாதபடி முடிச்சைப் போட்டுக் கொடுத்தார். அப்போது மணி ஐந்து பதினான்கு.